அம்மை வைரஸ்களோடு ஓர் ஆய்வு வாழ்க்கை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் வைரஸ் ஆய்வாளர். இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பாக்ஸ்வைரஸ் என்ற குடும்பத்தோடுதான் என் வேலை. பள்ளி மாணவர்கள், முனைவர் பட்டத்துக்கு வர நினைப்பவர்கள், எம்பாக்ஸ் (முன்பு குரங்கு அம்மை என்று சொன்னது) பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் கவலையோடு எழுதுபவர்கள் எனப் பலரும் கேட்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். சில கேள்விகளுக்கு இரண்டு வரி போதும். சிலவற்றுக்கு எவ்வளவு சொன்னாலும் மிச்சம் இருக்கும்.

அம்மை என்று சொல்லும் எல்லாமே ஒரே வைரஸ்தானா?

இல்லை. உடம்பில் கொப்புளமோ தடிப்போ போட்டாலே தமிழில் அதை அம்மை என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் சின்னம்மையைக் கொண்டுவருவது ஹெர்பிஸ் குடும்பத்து வைரஸ். அதே வைரஸ் பல ஆண்டுகள் நரம்பில் பதுங்கியிருந்து அக்கியாகவும் வரும். தட்டம்மை வைரஸ் இன்னொரு குடும்பம். அது பொன்னுக்கு வீங்கி வைரஸுக்கு உறவு. பாக்ஸ்வைரஸ் என்று நாங்கள் சொல்வது பெரியம்மையையும் எம்பாக்ஸையும் அவற்றின் சொந்தங்களையும்தான். சின்னம்மை, பெரியம்மை என்று பெயரைக் கேட்டால் அண்ணன் தம்பி போல இருக்கும். உறவே கிடையாது.

பெரியம்மை ஒழிப்புக் காலத்தில் களப்பணியாளர்களுக்கு இந்த வேறுபாடுதான் முதல் பாடம். சின்னம்மையில் ஒரே இடத்தில் புதுக் கொப்புளம், பழுத்தது, காய்ந்தது எல்லாம் கலந்திருக்கும். உடலின் நடுப்பகுதியில் அதிகம் இருக்கும். பெரியம்மையில் எல்லாக் கொப்புளங்களும் ஒரே பருவத்தில் இருக்கும். முகத்திலும் கைகால்களிலும் அதிகம், உள்ளங்கையிலும் பாதத்திலும்கூட வரும்.

குடும்பம் பெரியது. மாட்டுக்கு வரும் தோல் கழலை நோய், ஆட்டம்மை, கோழியம்மை, ஒட்டக அம்மை எல்லாம் இதில் அடக்கம். குழந்தைகளின் தோலில் முத்து முத்தாக வரும் மொல்லஸ்கம் என்ற சிறு பருவும் ஒரு பாக்ஸ்வைரஸ்தான்.

இந்தக் குடும்பத்தில் அப்படி என்ன தனி?

முதலில் அதன் அளவு. கொரோனா வைரஸின் மரபணுத் தொகுதியில் சுமார் 30,000 எழுத்துகள். எம்பாக்ஸ் வைரஸில் அது ஏறக்குறைய 1,97,000. மரபணுக்கள் 200 வரை இருக்கும். வைரஸ் துகளே செங்கல் வடிவில், ஒரு மீட்டரை நூறு கோடியாகப் பிரித்தால் அதில் 300 பங்கு நீளம். சாதாரண ஒளி நுண்ணோக்கியில் மங்கலாகக் கண்ணுக்குத் தட்டுப்படும் அளவு. அதனால்தான் வைரஸ் என்றால் என்னவென்றே தெரியாத 1880-களில் ஜான் பிரவுன் புயிஸ்ட் என்ற ஸ்காட்லாந்து மருத்துவரால் சாயம் ஏற்றி அந்தத் துகள்களைப் பார்க்க முடிந்தது. அவர் அவற்றைப் பாக்டீரியாவின் வித்துகள் என்று நினைத்தார்.

இரண்டாவது விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது. டி.என்.ஏ. கொண்ட விலங்கு வைரஸ்கள் பெரும்பாலும் செல்லின் உட்கருவுக்குள் நுழைந்து அங்கிருக்கும் கருவிகளைக் கடன் வாங்கித்தான் பெருகும். பாக்ஸ்வைரஸ் உட்கருப் பக்கமே போகாது. உட்கருவுக்கு வெளியே, செல்லை நிரப்பியிருக்கும் சைட்டோபிளாசம் என்ற கூழிலேயே தனக்கென்று ஒரு பட்டறை அமைத்துக்கொள்ளும். மரபணுவின் செய்தியை நகலெடுத்து ஆர்.என்.ஏ. தயாரிக்கும் நொதியைத் துகளுக்குள்ளேயே கட்டி எடுத்துவரும். 1967-ல் வாக்சீனியா என்ற பாக்ஸ்வைரஸின் துகளுக்குள் இந்த நொதி இருப்பதைக் கண்டபோது பலருக்கும் நம்ப முடியவில்லை. அதுவரை வைரஸ் என்றால் மரபணுவும் அதைச் சுற்றி ஒரு உறையும்தான் என்ற எண்ணம் இருந்தது.

மூன்றாவது, இந்த வைரஸ் நம் எதிர்ப்புச் சக்தியை ஏமாற்றும் விதம். செல்கள் ஆபத்து வந்தால் இன்டர்ஃபெரான் என்ற புரதத்தை வெளியே விட்டுப் பக்கத்துச் செல்களை எச்சரிக்கும். வாக்சீனியா ஒரு போலி ஏற்பியைச் செய்து வெளியே அனுப்புகிறது. எச்சரிக்கை போய்ச் சேருமுன் அது பிடித்து வைத்துக்கொள்ளும். அதையும் தாண்டி ஒரு செல் விழித்துக்கொண்டு புரதத் தயாரிப்பையே நிறுத்தப் பார்த்தால், நம்முடைய ஒரு புரதத்தின் சாயலில் கே3 என்று ஒன்றைச் செய்து நிறுத்தும் நொதியின் முன்னால் நீட்டும். நொதி அதைக் கவ்விக்கொண்டு ஏமாந்து நிற்கும். இப்படி ஒவ்வொரு மரபணுவையும் பிரித்துப் படிக்கும்போது வைரஸைப் பற்றி மட்டும் தெரிந்துகொள்வதில்லை. நம் உடம்பு எப்படிப் போராடுகிறது என்பதையும் அதுவே காட்டிக்கொடுக்கிறது.

டி.என்.ஏ. வைரஸ்கள் மெதுவாகத்தானே மாறும்? பிறகு ஏன் பயம்?

ஒவ்வோர் எழுத்தாக மாறுவதில் அவை மெதுவானவைதான். ஆனால் பாக்ஸ்வைரஸுக்கு வேறு வழி ஒன்று உண்டு. 2012-ல் நெல்ஸ் எல்டி, ஹர்மித் மாலிக் ஆகியோரின் குழு ஒரு சோதனை செய்தது. வாக்சீனியாவிலிருந்து ஒரு தற்காப்பு மரபணுவை எடுத்துவிட்டு, மனிதச் செல்களில் திரும்பத் திரும்ப வளர்த்தார்கள். சில சுற்றுகளிலேயே வைரஸ் தேறிவிட்டது. பார்த்தால், மேலே சொன்ன கே3 மரபணுவைப் பல நகல்களாக அடுக்கிக்கொண்டு மரபணுத் தொகுதியையே நீட்டியிருந்தது. அந்த நகல்களில் ஒன்றில் சரியான எழுத்து மாற்றம் அமைந்தபின் மற்ற நகல்களைக் கழித்துவிட்டுச் சுருங்கவும் முடியும். கொல்லன் உலையின் துருத்தி போல விரிந்து சுருங்குகிறது. அந்தக் கட்டுரையைப் படித்த வாரம் என் ஆய்வுத் திட்டத்தையே திருத்தி எழுதினேன்.

பெரியம்மைதான் ஒழிந்துவிட்டதே, இன்னும் ஏன் ஆராய்ச்சி?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். நியாயமான கேள்வியும்கூட.

20-ஆம் நூற்றாண்டில் மட்டும் பெரியம்மை சுமார் 30 கோடிப் பேரைக் கொன்றது என்று மதிப்பிடுகிறார்கள். அதன் கடுமையான வகை வந்தவர்களில் பத்தில் மூன்று பேர் இறந்தார்கள். 1967-ல் உலக சுகாதார நிறுவனம் தீவிர ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. பத்தே ஆண்டில், 1977 அக்டோபரில், சோமாலியாவின் மெர்கா நகரில் அலி மாவ் மாலின் என்ற மருத்துவமனைச் சமையல்காரருக்கு வந்ததுதான் இயற்கையாகப் பரவிய கடைசி நோய். ஊசி வலிக்கும் என்று பயந்து தடுப்பூசியைத் தவிர்த்ததாக அவரே பின்னால் சொன்னார். பிழைத்தவர், பிற்காலத்தில் போலியோ சொட்டு மருந்துப் பணியில் இறங்கி, வீடு வீடாகப் போய்த் தன் கதையைச் சொல்லிப் பெற்றோரைச் சம்மதிக்க வைத்தார். 1980 மே 8 அன்று உலகம் பெரியம்மையிலிருந்து விடுபட்டதாக அறிவித்தார்கள்.

அதோடு தடுப்பூசி நின்றது. ஆய்வு நிதியும் நின்றது. நான் இந்தத் துறைக்கு வர நினைத்தபோது, மதிப்புக்குரிய ஒரு பேராசிரியர், முடிந்துபோன வைரஸில் இளமையைக் கொடுக்காதே என்று அக்கறையோடுதான் சொன்னார். ஆனால் பெரியம்மைத் தடுப்பூசி பெரியம்மையை மட்டும் தடுக்கவில்லை. அதன் சொந்தங்களையும் தடுத்துக்கொண்டிருந்தது. ஊசி நின்றதும் அந்த அரணும் ஆண்டுக்கு ஆண்டு தேய்ந்தது. காங்கோ ஜனநாயகக் குடியரசில் எடுத்த கணக்கு 2010-ல் வெளியானது: 1980-களோடு ஒப்பிட்டால் அதே பகுதியில் எம்பாக்ஸ் 20 மடங்கு பெருகியிருந்தது. பழைய ஊசி போட்டிருந்தவர்களுக்கு ஆபத்து ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான்.

அந்தக் கட்டுரை வந்தபோது அதைப் பற்றிப் பேசியவர்கள் எங்கள் துறைக்காரர்கள் மட்டுமே. 2022-ல் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் எம்பாக்ஸ் பரவியபோது எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: தடுப்பூசி இருக்கிறதா, மருந்து இருக்கிறதா, சோதனை இருக்கிறதா? மூன்றும் ஏதோ ஒரு வடிவில் தயாராக இருந்தன. யாரும் கவனிக்காத ஆண்டுகளில் சிலர் அந்த வேலையை விடாமல் செய்துகொண்டிருந்ததுதான் காரணம். ஒரு வைரஸைப் புரிந்துகொள்ளப் பத்து ஆண்டு பிடிக்கும். நோய் வந்தபின் அந்தப் பத்து ஆண்டை எங்கே போய் வாங்குவது?

உங்கள் ஆய்வகத்தில் பெரியம்மை வைரஸ் இருக்கிறதா?

இல்லை. உலகில் இரண்டே இடங்களில்தான் வைத்திருக்க அனுமதி: அமெரிக்காவில் அட்லாண்டாவிலுள்ள நோய்க் கட்டுப்பாட்டு மையம், ரஷ்யாவில் நோவோசிபிர்ஸ்க் அருகே கோல்ட்சோவோவிலுள்ள வெக்டர் மையம். அதை அழித்துவிடலாமா, வைத்திருக்கலாமா என்ற விவாதம் பல பத்தாண்டுகளாக நடக்கிறது.

இவ்வளவு கட்டுப்பாடு வந்ததற்குப் பின்னால் ஒரு துயரம் இருக்கிறது. 1978-ல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் ஜேனட் பார்க்கர் என்ற மருத்துவப் புகைப்படக் கலைஞர் பெரியம்மையில் இறந்தார். அவர் வேலை செய்த தளத்துக்குக் கீழே பெரியம்மை ஆய்வகம் இருந்தது. வைரஸ் எந்த வழியாக அவரை அடைந்தது என்பது இன்றுவரை விவாதத்தில்தான் இருக்கிறது. அந்த ஆய்வகத்தின் தலைவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். புதிதாகச் சேரும் ஒவ்வொரு மாணவருக்கும் முதல் நாளில் இதைச் சொல்கிறேன். கையுறை, முகமூடி பற்றிய விதிகளைப் படிப்பதற்கு முன்னால் இது தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2014-ல் அமெரிக்காவில் பெதஸ்டாவிலுள்ள ஒரு ஆய்வு வளாகத்தின் குளிர் அறையில், 1950-களைச் சேர்ந்த பெரியம்மைக் குப்பிகள் மறந்துபோன அட்டைப் பெட்டியில் கிடைத்தன. குளிர்பெட்டிகளின் கணக்கைச் சரியாக எழுதி வைப்பது சலிப்பான வேலைதான். இருந்தும் நான் அதில் யாருக்கும் சலுகை கொடுப்பதில்லை.

அப்படியானால் எதை வைத்து வேலை செய்கிறீர்கள்?

பெரும்பாலும் வாக்சீனியா. பெரியம்மைத் தடுப்பூசியில் இருந்த உயிருள்ள வைரஸ் அதுதான். 1796-ல் எட்வர்டு ஜென்னர் பால்காரப் பெண்ணின் கையிலிருந்த பசு அம்மைச் சீழை எடுத்து ஜேம்ஸ் ஃபிப்ஸ் என்ற 8 வயதுச் சிறுவனுக்குக் கீறி வைத்த கதை எல்லோருக்கும் தெரியும். பிற்காலத் தடுப்பூசியில் இருந்தது பசு அம்மை வைரஸே இல்லை என்று 1939-ல் ஆலன் டவுனி காட்டினார். இன்றைய மரபணு ஒப்பீட்டில் அது குதிரை அம்மைக்கு நெருக்கமாக வருகிறது. கோடிக்கணக்கான உயிர்களைக் காத்த ஒரு வைரஸ் எங்கிருந்து வந்தது என்பதில் இத்தனை காலம் குழப்பம் இருந்திருக்கிறது!

எம்பாக்ஸ் வைரஸை வைத்துச் செய்யும் சோதனைகளுக்கு இன்னும் கடுமையான, காற்று வெளியே கசியாத ஆய்வகம் தேவை. நாங்கள் கேள்வியை முதலில் வாக்சீனியாவில் கேட்டுவிட்டு, தேவையானதை மட்டும் அங்கே கொண்டுபோவோம்.

ஒரு நாள் வேலை எப்படி இருக்கும்?

படங்களில் வருவது போல விண்வெளி உடையில் ஓடிக்கொண்டிருக்க மாட்டோம். காலையில் செல்களைப் பார்ப்பேன். தட்டின் அடியில் ஒரே விரிப்பாக வளர்ந்திருக்கும் செல்கள்தான் எங்கள் வயல். அவை நன்றாக இல்லாவிட்டால் அன்றைய சோதனையே இல்லை.

எங்கள் துறையின் அடிப்படை வேலை எண்ணுவது. வைரஸ் கரைசலைப் பத்துப் பத்து மடங்காக நீர்த்து, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் எடுத்துச் செல் விரிப்பின் மேல் விடுவோம். ஒரு வைரஸ் நுழைந்த இடத்தில் செல்கள் செத்துச் செத்து இரண்டு நாளில் ஒரு சிறு வட்ட ஓட்டை உண்டாகும். ஊதா சாயம் போட்டுக் கழுவினால் உயிருள்ள செல்கள் ஊதாவாகவும் ஓட்டைகள் வெள்ளையாகவும் தெரியும். அவற்றைப் பிளாக் என்போம். எண்ணிப் பெருக்கினால் முதலில் எத்தனை வைரஸ் இருந்தது என்று வந்துவிடும். 1950-களில் வந்த முறை. இன்றும் இதைவிட நம்பகமானது எதுவும் என் கையில் இல்லை.

அந்த ஓட்டையின் வடிவமும் பேசும். சில வாக்சீனியா வகைகள் வட்டமாக நிற்காமல் ஒரு பக்கம் வால் விட்டுப் போகும். வால்மீன் போல இருக்கும். செல்லைவிட்டு வெளியேறிய, கூடுதல் உறை போர்த்த துகள்கள் திரவத்தில் மிதந்துபோய்ப் பக்கத்தில் விழுவதன் தடயம் அது. முதல்முறை அதைப் பார்த்த மாணவி ஒருத்தி, யாரோ விரலால் இழுத்துவிட்டார்கள் என்று நினைத்து மூன்று தட்டுகளைத் தூக்கிப் போட்டாள். அதிலிருந்து, புரியாத எதையும் படம் எடுக்காமல் எறியக் கூடாது என்று ஒரு விதி வைத்திருக்கிறோம்.

மதியத்துக்கு மேல் எழுத்து வேலை: நிதி விண்ணப்பம், பாதுகாப்புக் குழுவுக்கு அறிக்கை, மாணவர் கட்டுரையைத் திருத்துவது. ஆய்வுக் குழுவை நடத்தத் தொடங்கியபின் கையில் பிப்பெட் பிடிக்கும் நேரம் பாதிக்கும் கீழே போய்விடும். அது எனக்கு வருத்தம்தான்.

யாருடைய ஆய்வு வாழ்க்கையைப் படிக்கச் சொல்வீர்கள்?

ஃபிராங்க் ஃபென்னர். 1914-ல் ஆஸ்திரேலியாவில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் மருத்துவராக மலேரியாவோடு போராடினார். போர் முடிந்ததும் மெல்போர்னில் மக்ஃபார்லேன் பர்னெட் என்ற வைரஸ் ஆய்வாளரிடம் சேர்ந்து எலி அம்மையை ஆராய்ந்தார். எலிக்குத் தோலில் சிறு காயம் வழியாக வைரஸ் நுழைகிறது. நோய் வெளியே தெரிய ஒரு வாரம் ஆகிறது. அந்த ஒரு வாரம் வைரஸ் எங்கே இருந்தது? ஃபென்னர் நாள்தோறும் எலிகளின் உறுப்புகளை எடுத்து அளந்தார். தோலில் பெருகி, நிணநீர்க் கணுவுக்குப் போய், இரத்தம் வழியாகக் கல்லீரலையும் மண்ணீரலையும் நிரப்பி, பிறகுதான் மறுபடி தோலுக்கு வருகிறது என்று படிப்படியாகக் காட்டினார். நோய் அரும்பும் காலம் என்பது சும்மா காத்திருக்கும் காலம் இல்லை என்று நமக்குத் தெரிந்தது அப்படித்தான்.

அடுத்து மிக்சோமா வைரஸ். பெருகிப்போன முயல்களைக் கட்டுப்படுத்த 1950-ல் ஆஸ்திரேலியாவில் வேண்டுமென்றே இதைப் பரப்பினார்கள். கொசு வழியாகப் பரவி, பிடித்த முயல்களில் நூற்றுக்கு 99-க்கு மேல் கொன்றது. அதே சமயத்தில் ஒரு பகுதியில் மனிதர்களுக்கு மூளைக் காய்ச்சல் வந்ததால் மக்கள் இந்த வைரஸைச் சந்தேகித்தார்கள். ஃபென்னர், பர்னெட், ஆஸ்திரேலிய அரசு அறிவியல் ஆய்வு அமைப்பின் தலைவர் இயன் கிளூனிஸ் ராஸ் மூவரும் அந்த வைரஸைத் தங்களுக்கே ஊசி போட்டுக்கொண்டு, மனிதருக்கு ஒன்றும் ஆகாது என்று காட்டினார்கள். இன்று எந்த நெறிமுறைக் குழுவும் இதற்கு ஒப்புக்கொள்ளாது.

நான் அவரிடம் கற்றது அதற்குப் பின் நடந்ததிலிருந்து. எல்லோரும் முயல் செத்ததைக் கொண்டாடியபோது அவர் ஆண்டுதோறும் காட்டிலிருந்து வைரஸைச் சேகரித்து, எந்த நோயும் பார்த்திராத ஆய்வக முயல்களில் சோதித்தார். இதனால் வைரஸின் வீரியம் மட்டும் தெரியும். இன்னொரு பக்கம், மாறாத ஒரே வைரஸை வைத்து, காட்டு முயல்களின் தாங்கும் திறனை அளந்தார்கள். வைரஸ் மாறியதா, முயல் மாறியதா என்று பிரித்துச் சொல்ல இப்படி இரண்டு அளவுகோல் வேண்டும். இரண்டுமே மாறியிருந்தன. சில ஆண்டுகளிலேயே சற்றுக் குறைந்த வீரியமுள்ள வகைகள் பரவலாகிவிட்டன. முயலைச் சீக்கிரம் கொல்லும் வகைக்குக் கொசு ஏறிப் பரவ நேரம் கிடைக்கவில்லை. ஆனாலும் வைரஸ் எல்லாம் காலப்போக்கில் சாதுவாகிவிடும் என்று இதிலிருந்து முடிவு கட்டுவது தவறு. அது பாதியில் நின்றது. முற்றிலும் சாதுவான வகை வெல்லவில்லை. கொரோனா காலத்தில் இந்தக் கதையைப் பாதி மட்டும் சொல்லி ஆறுதல் தேடியவர்கள் பலர்.

பெரியம்மை ஒழிந்ததை உறுதிப்படுத்தும் உலகக் குழுவுக்குத் தலைமை தாங்கியவரும் ஃபென்னர்தான். 1980-ல் உலக சுகாதார மாமன்றத்தில் எழுந்து அதை அறிவித்ததும் அவரே. எலி, முயல் என்று தொடங்கியவருக்கு அந்த வாய்ப்புக் கிடைத்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு மனம் நெகிழும்.

எம்பாக்ஸ் குரங்கிலிருந்துதான் வந்ததா?

பெயரால் வந்த குழப்பம். 1958-ல் கோபன்ஹேகனில் ஆய்வுக்காகக் கொண்டுவந்த குரங்குகளுக்குக் கொப்புளம் போட்டதால் குரங்கு அம்மை என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. குரங்கும் நம்மைப் போல நோயில் மாட்டிக்கொள்ளும் விலங்குதான். இயற்கையில் வைரஸ் தங்கியிருப்பது ஆப்பிரிக்க மழைக்காட்டு அணில், எலி போன்ற சிறு விலங்குகளில் என்பதற்கே சான்றுகள் அதிகம். 2003-ல் ஆப்பிரிக்காவிலிருந்து அமெரிக்காவுக்கு வளர்ப்புக்காகக் கொண்டுபோன எலிகளிடமிருந்து புல்வெளி நாய் எனப்படும் கொறிவிலங்குகளுக்கும், அவற்றிடமிருந்து 47 பேருக்கும் நோய் வந்தது. 2022 நவம்பரில் உலக சுகாதார நிறுவனம் எம்பாக்ஸ் என்று பெயரை மாற்றியது. நான் அதை வரவேற்றேன். பழைய பெயரைச் சொல்லி நோயாளிகளைக் கேவலப்படுத்தியதை நேரில் பார்த்திருக்கிறேன்.

மனிதரில் முதன்முதலில் கண்டது 1970-ல், காங்கோவில் ஒன்பது மாதக் குழந்தையிடம். அப்போது பெரியம்மை அந்தப் பகுதியில் ஒழிந்திருந்ததால்தான் யாரோ நின்று கவனித்தார்கள்.

மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவத் தொடங்கியதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

மரபணுவில் விழுந்த தழும்பை வைத்து. நம் செல்களில் அப்போபெக்3 என்ற நொதிகள் இருக்கின்றன. வைரஸ் டி.என்.ஏ.வில் குறிப்பிட்ட இடங்களில் ஓர் எழுத்தை இன்னொன்றாக மாற்றிக் கெடுக்கப் பார்க்கும். எப்போதாவது வைரஸ் தப்பிவிடும். ஆனால் தழும்பு தங்கிவிடும். 2022-ல் பரவிய எம்பாக்ஸில் இந்த வகைத் தழும்புகள் வரிசையாக இருந்தன. வழக்கமாக மூன்றாண்டுக்கு ஒரு மாற்றம் எதிர்பார்க்கும் வைரஸில் ஆண்டுக்கு ஆறு வரை விழுந்திருந்தன. தழும்புகளைப் பின்னோக்கி எண்ணினால் ஏறக்குறைய 2016-ல் போய் நிற்கிறது. 2017-ல் நைஜீரியாவில் திடீரென்று நோயாளிகள் வந்தபோதே அது மனிதருக்குள் ஓடிக்கொண்டிருந்தது என்று அர்த்தம். நைஜீரிய மருத்துவர்கள் அப்போதே நோயின் போக்கு மாறியிருக்கிறது என்று சொன்னார்கள். உலகம் ஐந்து ஆண்டு கழித்துத்தான் கேட்டது. எனக்கு இதில் கோபம் உண்டு, மறைக்கவில்லை.

2023-ல் காங்கோவின் கமிடுகா என்ற சுரங்க நகரில் இன்னொரு வகை இதே போல மனிதருக்குள் பரவத் தொடங்கியது. 2024 ஆகஸ்டில் எம்பாக்ஸுக்காக இரண்டாவது முறையாக உலகச் சுகாதார அவசரநிலை அறிவிக்கப்பட்டது.

மருந்து உண்டா?

டெக்கோவிரிமாட் என்ற மருந்து பெரியம்மைக்காக 2018-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மேலே வால்மீன் வடிவம் பற்றிச் சொன்னேனே, துகள் கூடுதல் உறையைப் போர்த்திக்கொண்டு வெளியேறுவதற்கு எஃப்13 என்ற புரதம் வேண்டும். மருந்து அதைத்தான் தடுக்கிறது. தட்டில் மருந்தைப் போட்டால் வால் மறைந்துவிடும், அழகாக இருக்கும். குரங்குகளையும் முயல்களையும் அது காப்பாற்றியது.

ஆனால் காங்கோவில் 597 நோயாளிகளிடம் முறையாகச் சோதித்தபோது, மருந்து எடுத்தவர்களுக்குப் புண் சீக்கிரம் ஆறவில்லை. 2024-ல் அந்த முடிவு வந்த நாள் எங்கள் குழுவில் யாரும் அதிகம் பேசவில்லை. இருந்தாலும் அந்தச் சோதனையில் இன்னொன்று தெரிந்தது: மருந்தோ போலி மாத்திரையோ, இரண்டு பிரிவிலும் இறப்பு 1.7 சதவீதம்தான், நாட்டின் பொதுவான அளவு 3.6 அல்லது அதற்கும் மேல். மருத்துவமனையில் சேர்த்து, ஊட்டம் கொடுத்து, மற்ற தொற்றுகளைக் கவனித்ததே உயிர் காத்திருக்கிறது.

தடுப்பூசி?

எம்.வி.ஏ. என்ற வலுவிழந்த வாக்சீனியாதான் இப்போது அதிகம் பயன்படுவது. ஜெர்மனியில் ஆன்டன் மயர் கோழிக்கரு செல்களில் 500 முறைக்கு மேல் அதை மாற்றி மாற்றி வளர்த்தார். அதற்குள் அது தன் மரபணுத் தொகுதியில் ஏறக்குறைய 15 சதவீதத்தை இழந்து, மனிதச் செல்லில் பெருக முடியாததாகிவிட்டது. இரண்டு ஊசி, நான்கு வார இடைவெளி.

இந்த ஆராய்ச்சி தவறான கைகளில் போனால்?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களை நான் தட்டிக் கழிப்பதில்லை. 2001-ல் கான்பெராவில் எலிகளுக்குக் கருத்தடைத் தடுப்பூசி செய்யப் போய், எலி அம்மை வைரஸில் இன்டர்லூக்கின்-4 என்ற, எதிர்ப்புச் சக்திக்குச் சமிக்ஞை தரும் புரதத்தின் மரபணுவைச் சேர்த்தார்கள். இயற்கையாகவே தாங்கும் எலிகளை அது கொன்றது; தடுப்பூசி போட்ட எலிகளில்கூடப் பல இறந்தன. அப்படி ஆகும் என்று யாரும் எண்ணவில்லை. பிறகு 2018-ல், விலைக்கு வாங்கிய டி.என்.ஏ. துண்டுகளை ஒட்டிக் குதிரை அம்மை வைரஸை உயிரோடு உருவாக்கிய கட்டுரை கனடாவிலிருந்து வந்தது.

என் கருத்து இது: எதைச் செய்யலாம் என்று சோதனை முடிந்தபின் யோசிப்பது தாமதம். திட்டம் தாளில் இருக்கும்போதே வெளியாள் ஒருவர் படிக்க வேண்டும். நாங்கள் இரண்டு சோதனைகளை அப்படிக் கைவிட்டிருக்கிறோம். அவை என்னவென்று எழுதப் போவதில்லை.

பெரிய தோல்வி ஏதாவது?

உண்டு. ஆய்வின் தொடக்க ஆண்டுகளில் ஒரு மரபணுவை நீக்கினேன், வைரஸ் நலிந்துபோனது. அந்த மரபணுதான் வீரியத்துக்குக் காரணம் என்று ஒன்றரை ஆண்டு அதன் பின்னாலேயே ஓடினேன். கட்டுரை எழுதும் நேரத்தில், நீக்கிய மரபணுவைத் திரும்ப வைத்தால் வைரஸ் தேறுகிறதா என்று பார்க்கச் சொன்னார்கள். வைத்தேன். தேறவில்லை. முழுத் தொகுதியையும் படித்தபோது, எங்கோ தொலைவில் வேறொரு மரபணுவில் எனக்குத் தெரியாமல் ஓர் எழுத்து விழுந்துபோயிருந்தது. வைரஸ் நலிந்ததற்குக் காரணம் அதுதான்; என் மரபணு நிரபராதி. அந்த இரவு வேலையை விட்டுவிடலாம் என்றே நினைத்தேன். மறுநாள் என் வழிகாட்டி, கட்டுரை வெளியான பின் தெரிந்திருந்தால் எத்தனை பேர் உன் பின்னால் ஓடியிருப்பார்கள் என்று மட்டும் கேட்டார். இன்று எங்கள் குழுவில் திரும்ப வைத்துப் பார்க்காத எந்த முடிவும் வெளியே போகாது.

எத்தனை ஆண்டு படிக்க வேண்டும்? கணினி தெரிந்தால் போதுமா?

இளங்கலை, முதுகலைக்குப் பின் முனைவர் பட்டத்துக்கு நான்கிலிருந்து ஆறு ஆண்டு. அதற்குப் பின் வேறோர் ஆய்வகத்தில் சில ஆண்டுகள். சொந்தக் குழு அமைய முப்பத்தைந்து வயதைத் தாண்டிவிடும். ஒப்பந்த வேலைகள் அதிகம், சம்பளம் குறைவு. வீட்டில் பேசிவிட்டு வாருங்கள். உயிரியல் மட்டுமல்ல, கால்நடை மருத்துவம், மருத்துவம், கணினி என்று எந்த வாசல் வழியாகவும் வரலாம். தழும்பு எண்ணும் வேலையைச் செய்தவர்களில் பலர் கணினி முன் உட்கார்ந்தவர்கள்தான். ஆனாலும் ஒரு முறையாவது தட்டில் வைரஸ் வளர்த்துப் பாருங்கள். திரையில் இருக்கும் எழுத்து எங்கிருந்து வந்தது, எங்கே பிழை ஏறும் என்று அப்போதுதான் புரியும்.

அடுத்தது எந்த பாக்ஸ்வைரஸ் என்று சொல்ல முடியுமா?

முடியாது. ஆனால் எங்கே பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று சொல்லலாம். அலாஸ்காவில் 2015-ல் ஒருவருக்கு இதுவரை அறியாத ஒரு பாக்ஸ்வைரஸ் வந்தது. சிறு பாலூட்டிகளில் அது இருந்தது. 2024 தொடக்கத்தில் எதிர்ப்புச் சக்தி குன்றிய ஒருவர் அதனால் இறந்தார். பிரேசிலில் பழைய தடுப்பூசி வைரஸின் வழிவந்தது போன்ற ஒரு வாக்சீனியா கறவை மாடுகளிலும் பால் கறப்பவர்களின் கைகளிலும் சுற்றிக்கொண்டிருப்பதை 1999-ல் கண்டார்கள். ஐரோப்பாவில் பசு அம்மை இப்போது பசுவைவிட எலி, பூனை வழியாகத்தான் மனிதருக்கு வருகிறது.

இந்தச் சங்கிலியில் முதலில் பார்ப்பவர் எந்த வைரஸ் ஆய்வாளரும் இல்லை. கையில் ஆறாத ஒரு கொப்புளத்தோடு வருபவரிடம், சமீபத்தில் எந்த விலங்கைத் தொட்டீர்கள் என்று கேட்கும் மருத்துவர்தான். அப்படி ஒரு மாதிரி எங்களுக்கு வந்தால், அன்று மற்ற வேலைகளை நிறுத்திவிட்டு முதலில் அதைத்தான் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைக்கிறோம். செங்கல் வடிவம் தெரிந்தால் பாக்ஸ். உருண்டையாகத் தெரிந்தால் பெரும்பாலும் ஹெர்பிஸ். ஒரு மணி நேரத்துக்குள் தொலைபேசியில் பதில் சொல்லிவிடுவோம்.